சௌந்திரம் பார்த்த ஆட்டம்

சௌந்திரத்துக்குக் கிரிக்கெட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் அழுக்குதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தால், திங்கட்கிழமை காலையில் சூரமங்கலம் ரயில்வே லைன் வீடுகளின் குழாயடியில் ஒரு வெள்ளைக் கால்சட்டை அவளுக்காகக் காத்திருக்கும். முழங்காலில் செம்மண், தொடையில் பந்தைத் தேய்த்த சிவப்பு. கல்யாணமாகி மல்லசமுத்திரத்திலிருந்து வந்த நாள் முதல் துவைக்கிறாள். ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

புருஷன் வேலுசாமி ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ரயில்வே டீமுக்கு வேகமாகப் பந்து போடுகிறவனும் அவன்தான். வீட்டுக்கு வந்தால் சோறு, பாய், தூக்கம். ஆனால் குழாயடியில் வேறொரு வேலுசாமியைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

"உம்பட ஊட்டுக்காரரு அங்க சிரிக்கறதப் பாக்கோணும் அம்முணி. கடவாப்பல்லு வரைக்கும் தெரியும்" என்பாள், மைதானத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ராசம்மாள்.

அந்தச் சிரிப்பை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சௌந்திரம் ஏங்கினாள். கட்டிய புருஷன் சிரிப்பான் என்பதை அடுத்தவள் சொல்லித் தெரிந்துகொள்வது நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஆனால் லைன் வீட்டுப் பெண்கள் மைதானத்துக்குப் போகிற வழக்கமில்லை. துரைசானிகள் மட்டும் பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்வார்கள்.

1936 சித்திரையில் வேலுசாமிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே மைதானம் கிடையாது, டீமும் கிடையாது. வருகிற ஞாயிறு டவுன்காரர்களோடு ஆடப்போவதுதான் கடைசி ஆட்டம்.

"எங்கூடக் கூடையத் தூக்கிக்கிட்டு வா" என்றாள் ராசம்மாள். "தலைல கூடை இருந்தா ஆரும் மூஞ்சியப் பாக்கமாட்டாங்க."

ஞாயிறு காலையில் வேலுசாமி கிளம்பியதும் சௌந்திரம் ராசம்மாளின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டம் வேலி ஓரத்து நிழலுக்காக ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றது. மைதானத்தின் நட்டநடுவில் நீளமாக ஒரு நார்ப்பாய். யாரும் அதில் உட்காரவில்லை. மட்டை பிடித்த இரண்டு பேர் அதன் மேல் இங்கும் அங்கும் ஓடினார்கள். வேலுசாமியோ தூரத்தில் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசி நாளில் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்களோ?

பக்கத்தில் துண்டால் விசிறிக்கொண்டிருந்த போர்ட்டர் காத்தானிடம் மெல்லக் கேட்டாள். "அவரு ஏனுங்க சும்மா குந்தீருக்கறாரு?"

"எவரு?"

"அவருங்க."

"அங்க ஏளெட்டு அவரு இருக்குது அம்முணி."

"ஒசரமா… மூக்கு நீட்டமா…"

"வேலுசாமியா? அதச் சொல்லித் தொலையறது. பேரச் சொன்னா வாய் வெந்துருமா?"

ராசம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். கேட்பவள் வேலுசாமியின் பெண்சாதி, புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாதென்று வளர்ந்தவள் என்று காத்தானுக்கு எப்படித் தெரியும்?

"அவன் பந்து போடறவன். நம்மாளுக அடிச்சு முடிச்சு, அப்பறம் டவுன்காரன் அடிக்க வரோணும். அப்பத்தான் அவனுக்கு வேலை" என்றான் காத்தான்.

உச்சிவேளைக்கு அப்புறம் அந்த நேரம் வந்தது. வேலுசாமி பந்தோடு ஓடி வந்தான். லைன் வாசலில் செருப்பை இழுத்துக்கொண்டு வருகிற கால்களா இவை? குச்சி ஒன்று பிடுங்கிக்கொண்டு பறந்தது. கூட்டம் அவன் பேரைக் கத்தியது. எல்லோருக்கும் சுலபமாக வந்த பேர் அவள் தொண்டையில் நின்றது. அவன் சிரித்திருப்பான். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. வெள்ளைத் துணிக்கு மேலே ஒரு கறுப்பு முகம் அசைந்தது, அவ்வளவுதான்.

ஆறு பந்து முடிந்ததும் அவன் நேராக இவர்களை நோக்கி நடந்து வந்தான்.

"ஐயோ, பாத்துட்டாருங்களா அக்கா?"

"இல்ல புள்ள. அடுத்தவன் போடறப்ப இவன் ஓரத்துல நிக்கோணும். சும்மா இரு."

எல்லைக் கோட்டருகே வந்து வேர்வையை வழித்தான். "ராசக்கா, ஒரு பிஞ்சு குடு. நாக்கு ஒட்டிக்கிச்சு."

"அந்தக் கூடைல எடுத்துக்க தம்பி" என்று ராசம்மாள் வேண்டுமென்றே கைகாட்டினாள்.

சௌந்திரம் முக்காட்டை இழுத்துவிட்டு, குனிந்தபடி ஒரு பிஞ்சை நீட்டினாள்.

"புதுசா இருக்குது. எந்தூரு?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். முக்காட்டை விலக்கினால், அவன் குரலில் கேட்ட அந்தக் குழைவு அப்படியே ஓடிப்போய் வீட்டு முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"வாயில கொளுக்கட்டையா?" என்று அவன் சிரித்தான். புடவை இழை வழியாகப் பார்த்தாள். கடைவாய்ப் பல் தெரிந்தது. ராசம்மாள் சொன்னதில் பொய்யில்லை.

"பேசறதுக்குக் கூச்சம் தம்பி" என்றாள் ராசம்மாள்.

"எங்கூட்லயும் ஒண்ணு இருக்குதக்கா, இதே கணக்கா. ஆடிட்டு வந்து நிப்பேன். செயிச்சியா, தோத்தியான்னு ஒரு வார்த்தை கேக்காது. துணிய வாங்கி நனையப் போட்டுட்டுப் போயிரும்."

யாரோ கூப்பிட, பிஞ்சைக் கடித்தபடியே ஓடினான். அடுத்த ஆறு பந்து முடிந்ததும் அவனை எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். திரும்ப இந்தப் பக்கம் வருவான் என்று சௌந்திரம் கூடை காலியான பிறகும் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. அவனுக்கு முன்னால் வீடு சேர வேண்டுமென்று, முடிவு தெரியாமலே எழுந்து நடந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வேலுசாமி வந்தான். கால்சட்டையைக் கழற்றி நீட்டினான். அவள் வாங்கினாள், போகவில்லை.

"செயிச்சீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். நாக்கில் பழகாத கேள்வி என்று அவளுக்கே தெரிந்தது.

"தோத்துட்டோம்" என்றான். சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, "கிட்டக்க வந்து தோத்துட்டோம்."

"எப்பிடீங்க?"

சுவரில் சாய்ந்தபடி சொல்ல ஆரம்பித்தான். பாய் சூடேறிப் பந்து எகிறியதை, குச்சி பறந்ததை, ஒரு பிடி நழுவியதை. அவள் பாதியைக் கண்ணால் பார்த்தவள். முழுவதையும் இப்போதுதான் கேட்பவள் போல உட்கார்ந்திருந்தாள். வெள்ளரிப்பிஞ்சு நீட்டிய, வாய் திறக்காத பெண் எப்போது வருவாள் என்று காத்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் பேசிய குரல் இன்னும் அவன் தொண்டைக்கு வரவில்லை. ஆட்டம் முடிந்து, எல்லோரும் கைகுலுக்கி, அவன் தண்டவாள ஓரமாகத் தனியே நடந்து வீடு வந்து சேர்ந்தது வரை சொல்லிவிட்டான்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

ஈரமாகாத கால்சட்டை அவள் மடியில் கிடந்தது.

"நடுவுல தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள்.