தொலைபேசி நிலையத்தில் ஒரு சிரிப்பு

தொலைபேசி நிலையத்தில் அவளுக்குப் ‘பொம்மை’ என்று பட்டப்பெயர். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள். காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் இனத்தாரின் மொழியை வெளியிலோ தொலைபேசியிலோ பேசக் கூடாதென்று சட்டம் வந்து பல வருடமாகிறது. அவர்களுக்கு அரசாங்க வேலையும் கிடையாது. வேறு இனமென்று பொய் சொல்லித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அழைப்புகளை இணைக்க வேண்டும். நடுநடுவே காது கொடுக்க வேண்டும். அந்த மொழி கேட்டால் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். அது அவளுடைய மொழிதான். இருந்தும் பிடுங்குவாள். அம்மாவும் தம்பியும் அவளை நம்பித்தான் இருந்தார்கள்.

அன்று ஒரு கிழவர் தன் அக்காவோடு அந்த மொழியில் பேசிக்கொண்டிருந்தார்.

“பேச்சைக் குறைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு அக்கா. அரசாங்கமும் அதையேதான் சொல்லுது, வீட்டுக்காரியும் அதையேதான் சொல்றா.”

“நீ வாயை மூடினா ஊருக்கே உடம்பு தேறிடும்டா.”

கம்பியில் கை வைத்தவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

மேற்பார்வை அம்மாள் பின்னால் நின்றிருந்தாள். “என்னடி சிரிப்பு?”

பக்கத்து நாற்காலிக்காரி முந்திக்கொண்டாள். “நான்தான் மேடம் ஒரு ஜோக் சொன்னேன்.”

“எனக்கும் சொல்லேன்.”

“ஒரு யானை மேடம்... கடைக்குப் போச்சு...”

அதற்குமேல் யானை நகரவில்லை.

மேற்பார்வை அம்மாள் பொம்மையின் காதிலிருந்த கருவியைக் கழற்றித் தன் காதில் வைத்தாள். கிழவரும் அக்காவும் இன்னும் வாயடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓ. உனக்குப் புரியுது.”

வேலை போகும், ஒருவேளை ஜெயில் என்று பொம்மை நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. மாடியில் ஜன்னலில்லாத அறையொன்றில் உட்காரவைத்தார்கள்.

“இனிமே யாரையும் துண்டிக்காதே. பேச விட்டு, பேசறதை எழுதிக் கொடு. மாட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி உன் அம்மாவையும் தம்பியையும் நினைச்சுக்கோ.”

எழுதினாள். யார் வீட்டில் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பாடம் நடக்கிறது, யார் எல்லை தாண்டப் பார்க்கிறார்கள், எல்லாம் காதில் விழுந்தது. தாளில் மட்டும் மழை, இருமல், காய்ச்சல்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் மேற்பார்வை அம்மாள் தாள்களைப் புரட்டினாள். “உங்க ஆளுங்களுக்கு எப்பப் பார்த்தாலும் காய்ச்சல்தானா?”

“குளிர் ஒத்துக்கறதில்ல மேடம்.”

“அப்படியா? பக்கத்து ரூம்ல இன்னிக்கு இன்னொருத்தரை உட்கார வெச்சிருக்கேன். உங்க ஆள்தான். அதே லைனை அவரும் கேட்பார். ரெண்டு பேர் எழுதறதும் ஒத்துப்போகுதான்னு சாயங்காலம் பார்க்கறேன்.”

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பலகைச் சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள். தன்னைப் போல மாட்டிக்கொண்டவரா, விலைபோனவரா? தட்டிக் கேட்கவும் வழியில்லை.

அழைப்பு வந்தது. ஒரு பெண் தன் அண்ணனிடம், எல்லைக்குப் போகும் லாரி எந்தத் தெருவில் நிற்கும் என்று கேட்டாள். அவன் தெருவைச் சொன்னான்.

பொம்மை பேனாவை எடுத்துச் சுவரைப் பார்த்தாள். பிறகு, அண்ணனுக்குக் காய்ச்சல் என்று எழுதினாள்.

சுவருக்கு அந்தப் பக்கமும் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அது நெடுநேரம் ஓடியது.