எங்கள் இரண்டு குடங்கள்

கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். சொல்லிக்கொண்டே வரும்போது நடுவில் மறந்தும் போவேன். விட்டது நினைவு வந்தால் அங்கேயே எழுதிவிடுகிறேன்.

இதை எழுதவைத்தது என் மருமகள். தன்னைத் தானே மட்டமாக நினைக்கிற வழக்கத்தை மாற்றிக்கொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகம் ஒன்று வாங்கி வந்தாள். படித்தால் மட்டும் போதாதாம், கேட்டதற்கெல்லாம் எழுத வேண்டுமாம். கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சாயங்காலம் ஆளுக்கொரு நோட்டோடு உட்காருவோம். முதல் நாள், உங்களைப் பற்றி நல்லதாக ஐந்து எழுதுங்கள் என்று இருந்தது.

"ஏனுங்கத்தே, அஞ்சு வந்துருச்சுங்களா?"

"ஒண்ணுலயே நிக்குது கண்ணு. ரசம் நல்லா வெப்பேன்னு எழுதியிருக்கறேன். உனக்கு?"

"ரெண்டுங்க. அதுல ஒண்ணு நீங்க சொன்னதுங்க."

இரண்டு பேரும் சிரித்து நோட்டை மூடிவிட்டோம். மறுநாள் பக்கம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சிறுவயதில் உங்களைக் குறைத்துச் சொன்ன ஒரு சொல்லை எழுதுங்கள். அது வந்த நாளில் படுக்கப் போகும்வரை நடந்தது எதையும் விடாமல் எழுதுங்கள் என்று போட்டிருந்தது. ஆறு கோடுதான் விட்டிருந்தார்கள். எனக்கு அது போதவில்லை.

எனக்கு வந்த சொல், கூறு கெட்டவள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிங்காநல்லூரில் மில்லுக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. பத்து வீட்டுக்கும் சேர்த்து முனையில் ஒரே குழாய். உப்புத் தண்ணீர் கிணற்றில் கிடைக்கும். சமைக்கவும் குடிக்கவும் ஆகிற நல்ல தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருதரம், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் வரும். காலையிலேயே வீட்டுக்கு இரண்டு குடம் வரிசையில் வைத்துவிட வேண்டும். மறுநாள் அக்காவைப் பெண் பார்க்கப் பவானியிலிருந்து வருவதாக இருந்தார்கள். அந்த வேலையில் அம்மா மறந்து, எங்கள் குடங்கள் கடைசிக்குப் போய்விட்டன.

அன்று மத்தியானம் பின்வீதியில் ஒரு சாவு. பெண்கள் எல்லோரும் போயாக வேண்டும். குடங்களை யார் பார்த்துக்கொள்வது என்று குழாயடியில் பேச்சு வந்தது.

"எம்பட புள்ள இருக்கட்டுமுங்க" என்றார் முதல் வீட்டு அக்கா.

"உங்க புள்ளைங்களா? போன தடவ எங்கொடத்தப் பின்னால நகத்திப்போட்டவ அவதானுங்களே!" என்றார் மூன்றாம் வீட்டுப் பெரியம்மா.

"அப்ப உம்பட மவ மட்டும் யோக்கியமாக்கும்?"

கடைசியில் யாரோ, "சண்ட எதுக்குங்க? கடைசி ஊட்டுச் சின்னத உக்கார வெய்யுங்க. அது வெச்ச எடத்துல இருக்கும்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டு குழாய்க்கல்லில் உட்கார்ந்தேன். ஆட்டுக்குட்டியைக் கட்டிவைத்துவிட்டுப் போவதுபோல் போகிறார்களே என்று இருந்தது.

தண்ணீர் இரண்டு மணிக்கே வந்துவிட்டது. ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்றால் சாவு வீட்டுக்குப் பிள்ளைகள் போகக் கூடாது. முதல் குடத்தைப் பிடித்தேன். நிறைந்ததும் இரண்டு கையாலும் இழுத்து ஓரமாக வைத்தேன். பித்தளைக் குடங்கள் நகரவே மாட்டேன் என்றன. காக்கை வாய் வைக்காமல் இருக்கப் பூவரசு இலை பறித்து ஒவ்வொன்றையும் மூடினேன். ஏழாவது வீட்டுக் குடம் வரும்போது தண்ணீர் நூலாகிவிட்டது. பத்தாவது வீடுவரை வராது என்று எனக்கே தெரிந்தது. தெருவில் ஒரு நாய்தான் இருந்தது. எங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்வரை வந்தேன். அப்புறம் திரும்பக் கொண்டுபோய் அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒன்பதாவது வீட்டு இரண்டாம் குடம் கழுத்துவரை வந்தது. அதோடு நின்றுபோயிற்று.

அம்மா வந்து பார்த்தாள். துக்க வீட்டிலிருந்து வந்து குளிக்காததால் என்னைத் தொட முடியவில்லை, இல்லாவிட்டால் முதுகு வீங்கியிருக்கும்.

"ஏண்டி, ஒத்தக் கொடம் முன்னால புடிச்சிருந்தா உங்கையி வெந்தா போயிரும்? நாளைக்கு வாரவிங்களுக்கு உப்புத் தண்ணியிலயா ஒல வெக்கறது? கூறு கெட்டவளே!"

இத்தனை வருஷமும் நினைக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடுவேன். கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்காரும்போதும், பாங்கியில் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆள் தேடும்போதும் அம்மா குரல் அங்கேயே கேட்கும். படுக்கப் போகும்வரை எழுது என்று புத்தகம் சொன்னதால்தான் மிச்சம் வந்தது.

விளக்கு வைக்கிற நேரம், குளித்த ஈரத்தலையோடு முதல் வீட்டு அக்கா இடுப்பில் குடத்தோடு வந்தார். எங்கள் அண்டாவில் பாதிக் குடத்தைச் சாய்த்தார்.

"வேண்டாமுங்க, உங்குளுக்குப் பத்தாதுங்க" என்றாள் அம்மா.

"இருக்கட்டுமுங்க. எலையெல்லாம் போட்டு மூடி வெச்சிருக்குதுங்க உங்க புள்ள."

அடுத்து மூன்றாம் வீட்டுப் பெரியம்மா. அப்புறம் ஒவ்வொருவராக. அண்டா விளிம்புவரை வந்துவிட்டது. எங்கள் இரண்டு குடத்தைவிட அது அதிகம். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். என்னால் எங்கள் வீடு தண்ணீர்ப் பிச்சை வாங்குகிறது என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரை அன்று தொடவே இல்லை.

எழுதியதை மருமகளிடம் காட்டினேன். "நல்ல மனசுல செஞ்சதில்ல கண்ணு. குடத்துக்காரிக வந்து கேட்டாப் பதில் சொல்ல வராதேன்னு பயந்து செஞ்சது. இது நல்லதுல சேருமா?" என்று கேட்டேன்.

"யாருமே இல்லாத எடத்துல யாருக்குங்கத்தே பயந்தீங்க?" என்றாள்.

ரசத்துக்குக் கீழே இதை இரண்டாவதாக எழுதிவைத்திருக்கிறேன். பென்சிலால்தான்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் குடங்களுக்கு என்னைத்தான் உட்காரவைத்தார்கள். ஊருக்குப் போனால் வீட்டுச் சாவியையும் என்னிடமே கொடுத்தார்கள். வேறு வேலைக்கு ஆகாதவள் என்றுதான் கொடுக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டது. ஒருவரை ஒருவர் நம்பாத ஒன்பது வீடும் நம்பியது தன்னை மட்டும்தான் என்று அதற்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்று தாகத்தோடு படுத்திருக்காது.

ஒன்று மட்டும் சரிபார்க்க வேண்டும். படுத்த பிறகு அம்மா ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்துவிட்டு, எழுப்பாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக ஒரு ஞாபகம். அது நடந்ததா, எழுதுகிற ஆசையில் நானாகச் சேர்த்ததா, தெரியவில்லை. அக்கா பவானியில்தான் இருக்கிறாள். அன்று அதே பாயில் படுத்திருந்தவள் அவள். யாராவது இதை அவளுக்குப் படித்துக் காட்டிக் கேட்டுச் சொல்லுங்கள்.