சுறாவின் வாயைக் கட்டியவர்

கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் சங்குக் குளிப்பு நடக்கும்போது, மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் ஒருவர் தூத்துக்குடிக் கரையில் இருப்பார். யுத்த காலத்தில் அங்கே குமாஸ்தாவாக இருந்தபோது நான் பார்த்தவர், மந்திரத்தை விட்டுவிட்டவர்.

"பூசையில நன்மை அப்பம் வாங்குற நாக்கு ஆண்டவர் தங்குற வீடு, அதுல மந்திரம் கூடாதுன்னு பங்குச் சாமியார் சொல்லிட்டாரு" என்றார் என்னிடம்.

ஆனாலும் தினமும் பழைய இடத்திலேயே வந்து உட்காருவார். நரைத்த மீசைக்குக் கீழே உதட்டைப் பற்களால் கவ்விக்கொண்டு, தோணிகள் திரும்பும்வரை கடலையே பார்ப்பார்.

ஒருநாள், சங்கு குளிக்கப் போன அவருடைய தங்கை புருஷனைச் சுறா கடித்துத் தொடை கிழிந்த நிலையில் தூக்கி வந்தார்கள். தங்கை ஓடிவந்து இவர் சட்டையைப் பிடித்தாள்.

"மந்திரம் மறந்துபோச்சாண்ணே?"

"மறந்திருந்தா நல்லாருக்குமே, ஏளா. அம்புட்டும் நாக்கு நுனியில நிக்கு."

மந்திரத்துக்குச் சுறா கட்டுப்படும் என்று நான் நம்பியதில்லை. அதைச் சொல்லித் தேற்றலாம் என்று கிட்டே போனேன். அவர் உதட்டில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மந்திரம் வெறும் பேச்சென்றால், அவர் ஆண்டவருக்குக் கொடுத்ததும் ஒன்றுமில்லாமல் போய்விடுமே. சொல்லாமலே திரும்பிவிட்டேன்.