செல்வி அக்கா மாடும் என் சமன்பாடும்

கையில் இருக்கிற தடுப்பூசியை எந்த ஊர் மாட்டுக்கு முதலில் போட்டால் கோமாரி நோய் பரவாமல் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து, மாட்டைப் பால் பாக்கெட் படத்தில் மட்டுமே பார்த்திருந்தவன் நான். எக்செல்லோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்காவது என் பாடு புரியும்.

அரை மாடு

முதல் திட்டத்தில், மாடு முழு எண்ணாகத்தான் வர வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். ஓர் ஊருக்குப் பதினேழரை மாடு என்று அச்சாகி வந்தது. ஆனேக்கல் பக்கம் ஊசி போடப் போகும் கால்நடை டாக்டர் மஞ்சுளா தாளை இரண்டு முறை படித்தார். சிரிக்கவேயில்லை.

"அந்த அரை மாட்டுக்கு முன்பக்கம் போடணுமா, பின்பக்கமா சார்?"

சின்ன ஊர்

திருத்திய திட்டம், இருபது மாடுகூட இல்லாத ஒரு குக்கிராமத்தை முதலிடத்தில் வைத்தது. எங்கோ உதைக்கிறதே என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். அதே பதில். டாக்டரோடு நேரில் போனேன். சந்தைக்குப் போகிற மாடெல்லாம் அந்த ஊர்த் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நகர்கின்றன. சந்தைப் பாதைகளின் பட்டியலைக் கொடுத்தவன் நான்தான்; எனக்குப் படாதது கணக்குக்குப் பட்டிருக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. டாக்டரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருஷமா இந்த வழியாத்தான் போறேன் சார். ஒரு நாளும் இங்க வண்டிய நிறுத்தினதில்ல."

விட்டுப்போன ஊர்

ஊசி பாதி ஊர்களுக்குத்தான் காணும். சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம், இரண்டே கறவை மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் செல்வி அக்காவின் ஊர் இரண்டாம் சுற்றுக்குப் போய்விட்டது. சுற்றியுள்ள ஊர்களில் போட்டால் நோய் உங்களிடம் வராது என்று வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒங்க கணக்குல எம் மாடு இல்லன்றது அந்த நோய்க்குத் தெரியுமா தம்பி?"

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டாம் சுற்று

சில வாரங்களில் சந்தைப் பக்கம் கோமாரி வந்தது. நாங்கள் ஊசி போட்ட ஊர்களைத் தாண்டவில்லை. அடுத்த ஊசிகள் வந்ததும் டாக்டரோடு நானும் தொற்றிக்கொண்டேன். அக்காவின் இரண்டு மாடும் நன்றாக இருந்தன. கணக்கு பலித்ததைப் பெருமையாகச் சொன்னேன். அக்கா மாட்டின் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி சொன்னார்:

"பலிச்சிருக்கும் தம்பி. ஆனா இத்தினி நாளும் ஊர் மாடெல்லாம் எறங்குற ஏரிக்கு ஓட்டாம, கொடம் கொடமா தண்ணி தூக்கிக் குடுத்தது நானு."

என் சமன்பாட்டில் மாட்டுக்கு ஓர் எழுத்து, மருந்துக்கு ஓர் எழுத்து, தூரத்துக்கு ஓர் எழுத்து உண்டு. செல்வி அக்காவுக்கு எந்த எழுத்தைப் போடுவது என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.