நாத்தனார் கொடுத்த முத்தம்

என் மகனுக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, அஸ்தினாபுரத்திலிருந்து நாத்தனார் அவனைப் பார்க்க வந்தார். தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போதே அவருடைய இருமல் கேட்டது.

“அண்ணி, உங்களுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கே. குழந்தைய இன்னொரு நாள் தூக்கிக்கலாமே?”

“சும்மா சளிம்மா. என் தம்பி புள்ளைய நான் தூக்கக் கூடாதா?”

என் கையிலிருந்து அவனைப் பிடுங்காத குறையாக வாங்கி, கன்னத்திலும் வாயிலும் முத்தம் கொடுத்தார். என் கணவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. பிறகு இருமல். பால் குடிக்க வாய் வைப்பான், மூச்சு வாங்கும், வாயை எடுத்துவிட்டு அழுவான். குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்று துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்; மறுபடியும் உடம்பு கொதித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

“முதல்ல வந்தது வைரஸ். அதுல நெஞ்சு பலவீனமானதும் பாக்டீரியாவும் சேர்ந்துகிச்சு. இப்ப நிமோனியா” என்றார் டாக்டர். “வீட்ல யாருக்காவது சளி இருந்துச்சா?”

“வந்தவங்களுக்கு இருந்துச்சு” என்றேன். என் கணவர் தரையைப் பார்த்தார்.

ஆன்டிபயாடிக் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கையில் குத்தினார்கள், காலில் குத்தினார்கள். அவன் திமிறாமல் அழுத்திப் பிடித்திருந்தது நான்தான். அன்றைக்கு நாத்தனார் போனில் சொன்னார்: “உன் பால்ல சத்து இல்லம்மா. அதான் புள்ள தாங்கல.”

பிழைத்துக்கொண்டான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நான் எதையும் மறக்கவில்லை.

போன வருடம் நாத்தனாரின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெரும்பாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில் பெயர் வைத்தார்கள். கூடம் நிறைய சம்பந்தி வீட்டார். நாத்தனார் பட்டுப்புடவையில், மூக்கைத் துடைத்துக்கொண்டே தொட்டிலை நோக்கிப் போனார்.

“அண்ணிக்குச் சளி. கிட்ட விடாதீங்க. இப்படித்தான் என் புள்ளைக்கு முத்தம் குடுத்தாங்க, அவன் நிமோனியால சாகக் கெடந்தான்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

சம்பந்தியம்மா தொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். “நீங்க அப்படி வெளிய உக்காருங்க.” நாத்தனாரின் மகளோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். விழா முடியும்வரை நாத்தனார் வாசல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபடியே நான் சாப்பிட்டேன். அப்படி ருசித்துச் சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது என் கணவர் கேட்டார்: “அக்கா காதுல மெதுவா சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்” என்றேன்.