சிவப்புப் புள்ளி வைத்த ஆம்ப்ளிஃபயர்

ஆம்ப்ளிஃபயர் டப்பாவின் நெற்றியில் நூறு வாட்ஸ் என்று எழுதியிருந்தது. சேலத்தில் அதை எனக்கு விற்ற கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டு, வால்யூமைத் திருகி, முகப்பிலிருந்த மீட்டர் முள் இரண்டும் குதிப்பதைக் காட்டினார். முள் குதித்தால் வாட்ஸ் இருக்கிறதென்று அர்த்தமாம். கோயமுத்தூரில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள் நான். அந்த முள்ளுக்கும் வாட்ஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். அன்றிருந்த பதற்றத்தில் ஆயிரம் வாட்ஸ் என்று சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

பதற்றத்துக்குக் காரணம் ஒரு கேசட். எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ட்ரில்லர். திருச்செங்கோட்டைச் சுற்றி எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் அப்போது மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனால் திரும்ப மாதக்கணக்காகும். இவர் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. ஸ்பேர் வாங்க ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். அதுவும் எப்படி? வண்டி ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நல்லாருக்கேன், அம்மா நல்லாருக்காங்களா, மழை பேஞ்சுதா. இதையே ஒவ்வொரு தடவையும் கேட்டால் மனுஷிக்குக் கோபம் வருமா வராதா?

அந்த வருஷம் பொங்கலுக்கு அவர் வரவில்லை. கூடப் போனவர்களில் சிலர் வந்தார்கள், இவர் வரவில்லை. மல்லசமுத்திரம் சந்தையில் ஒருத்தி, அந்தப் பக்கமே குடும்பம் வைத்துக்கொண்டவர்களும் உண்டு என்று யாரையோ பற்றிச் சொல்வதுபோல எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ரிக்கின் சமையல்காரர் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் வழக்கமான நல்லாருக்கேன். திருப்பிப் போட்டால் கம்ப்ரசர் சத்தம். ரிக் கம்ப்ரசர் ஓடுகிறபோது பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் அது என்ன சத்தம் என்று தெரியும். அந்த உறுமலுக்குள் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை "அம்மிணி" என்று கேட்டது. என்னை அவர் கூப்பிடுகிற பெயர் அது. அப்புறம் குரல் இருக்கிறது, வார்த்தை இல்லை. மாமியார் வந்து பார்த்துவிட்டு, "கெட்டுப்போன டேப்பு சாமி, அமத்திப் போடு" என்றார். எனக்கு அமர்த்த மனம் வரவில்லை. எல்லோருக்கும் நடுவில் பேசுகிறவர் தனியாகப் போய் எனக்கென்று என்ன பேசினார்? வரமாட்டேன் என்பதைத்தானோ?

அதற்காகத்தான் நூறு வாட்ஸ். வீட்டில் டேப் ரெக்கார்டரோடு இணைத்துத் திருகினேன். கம்ப்ரசர்தான் பெரிதானது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் வேலியோரம் வந்து, ஏனுங்க, தோட்டத்தில் போர் போடுகிறீர்களா, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று விசாரித்தார். சிரிக்கிற நிலையிலா இருந்தேன்?

டப்பாவைப் பிரித்துப் போட்டேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எட்டு ஓம் ரெசிஸ்டரைக் கட்டி, படிக்கும்போது செய்துவைத்திருந்த ஆசிலேட்டரிலிருந்து ஒரே சீரான டோனைக் கொடுத்து, மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்தேன். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி எட்டால் வகுத்தால் வாட்ஸ். இரண்டு ஸ்பீக்கர் பக்கமும் சேர்த்துப் பத்துகூடத் தேறவில்லை. பாட்டே போடாமல் ஸ்பீக்கரில் காதை வைத்தால் கரண்டின் உறுமல் வேறு. குதித்த முள் இரண்டுக்கும் தனியாக ஒரு சர்க்யூட் வைத்திருந்தான் புண்ணியவான். அந்தக் கடைக்காரரை மனசுக்குள் வைத வசவை இங்கே எழுத முடியாது.

பிறகு நானே ஒன்று செய்தேன். கார் ரேடியோவில் போடுகிற சின்ன ஐ.சி. ஒன்று, அது சூடாகாமல் இருக்க அலுமினியத் தகடு, எல்லாம் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தகர டப்பாவுக்குள். எனக்குச் சத்தம் வேண்டாம், அவர் குரல் வேண்டும். அதனால் உள்ளே வருகிற வழியில் சின்ன கெபாசிட்டராகப் போட்டேன். கம்ப்ரசரின் அடி உறுமல் அதில் பாதி நின்றுவிடும். ஐ.சி.க்காரன் ஆறு வாட்ஸ் என்று சொல்லியிருந்தான். என் மீட்டரில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் திருகினால் டோன் உடைந்து கரகரத்தது. அந்த இடத்தில் குமிழுக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். இதுவரைதான் உண்மை, இதற்கு மேல் பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இத்தனையும் செய்து கேட்டால், கரண்டின் உறுமல் இன்னும் கொஞ்சம் இருந்தது. சுற்றிலும் தறிச் சத்தம். கரண்ட் போனால் தறிகள் நிற்கும், ஆனால் என் டப்பாவும் நின்றுவிடும். ஒரு வாரம் இந்த எரிச்சலிலேயே வீட்டுக்குள் நடந்தேன். மாமியார், அந்த டேப்பைத் தூக்கிக் கிணற்றில் போடப்போகிறேன் என்றார். அப்போதுதான் மாட்டுக் கொட்டகையில் கிடந்த லாரி பேட்டரி கண்ணில் பட்டது. ஐ.சி.யே பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிற சாதி. படித்த மண்டைக்கு இது முதலிலேயே தோன்றவில்லை பாருங்கள்.

பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து வைத்து, மத்தியானக் கரண்ட் கட்டுக்குக் காத்திருந்தேன். கரண்ட் போனது. தெருவில் ஒவ்வொரு தறியாக அடங்கியது. டேப் ரெக்கார்டருக்குச் செல் போட்டு, கேசட்டைத் தள்ளி, குமிழைச் சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுபோனேன். உறுமல் துளியும் இல்லை. கம்ப்ரசர் தள்ளிப் போயிருந்தது. அதற்கு முன்னால் அவர் நின்றார்.

"அம்மிணி, வண்டியில எங்க நின்னு பேசினாலும் நாலு பேரு கேப்பாங்க. கம்ப்ரசருக்குப் பக்கத்துலதான் ஒருத்தனுக்கும் கேக்காது. அதனால இங்க நிக்கறேன். என்ற எடது காது போயிருச்சு. சோத்துக் கைப் பக்கமும் கொறஞ்சுட்டு வருது. பொங்கலுக்கு வந்திருந்தா நீ ஒண்ணு கேட்டு நா ஒண்ணு சொல்லி, அன்னைக்கே கண்டுபுடிச்சிருப்ப. செவிடன வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? நீ வரச் சொன்னா வாரேன். இல்லீன்னா இப்படியே இருந்துக்கறேன்."

அவ்வளவுதான். அப்புறம் மறுபடி கம்ப்ரசர். அந்த இரைச்சலில் தன் குரல் தன் மண்டைக்குள் கேட்டதை வைத்து, டேப்பிலும் அப்படியே விழுந்திருக்கும் என்று நினைத்துவிட்டார் மனுஷர். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. சந்தைக்காரியை நம்பிச் சோறு தின்னாமல் கிடந்திருக்கிறேன், அவர் அங்கே தனியாக இப்படி ஒன்றை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சமையல்காரர் திரும்புகிற நாள் நெருங்கியிருந்தது. பதிலைக் கேசட்டில்தான் சொல்ல வேண்டும். ஆனால் டேப் ரெக்கார்டரின் சத்தம் அவர் காதுக்கு எட்டுமா? டப்பாவையும் ஸ்பீக்கரையும் துணியில் சுற்றி, வண்டி பேட்டரியில் எப்படி மாட்டுவது என்று சமையல்காரருக்குக் காட்டி, கூடவே கொடுத்தனுப்பினேன். அதில் போட்டால் வண்டி ஆட்கள் அத்தனை பேருக்கும் கேட்கும். அதனால் நினைத்ததில் எதையும் பேச முடியவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, "நீங்க பேசினது கேட்டுதுங்க. ஊட்டுக்கு வாங்க" என்று மட்டும் பதிவு செய்தேன்.

வந்தார். சேலத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கி, துணி மூட்டையைத் தோளிலும் என் டப்பாவைக் கையிலும் வைத்துக்கொண்டு நடந்துவந்தார். நான் என்னவோ கேட்டேன். வலது காதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தேன். குமிழ் சிவப்புப் புள்ளியைத் தாண்டி, அதற்கு மேல் திரும்பாத இடம் வரைக்கும் திரும்பியிருந்தது.