மண்ணூரில் ஒரு தாய்மாமன்

1991 பிப்ரவரி 14, வியாழன். மீனம்பாக்கம் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது என் கைப்பையில் கோலாலம்பூருக்குத் திரும்பும் டிக்கெட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று எனக்கு, மற்றது என் தம்பி சாமுவேலுக்கு. அவனுக்கு அது தெரியாது. கிள்ளானில் எங்கள் சபையார் அவனை ஒன்றரை ஆண்டுக்கு முன் ஊழியத்துக்காக இங்கே அனுப்பினார்கள். மாதா மாதம் கடிதம் போட்டான். அதில் மழை, வெயில், பக்கத்து வீட்டுச் சாம்பார் எல்லாம் இருந்தன. ஞானஸ்நானம் பெற்றவர் என்று ஒருவர் பெயர்கூட இல்லை. "நீயே போய்ப் பார். ஒன்றும் நடக்கவில்லை என்றால் கையோடு கூட்டி வந்துவிடு" என்றார் சபை மூப்பர். அம்மாவின் காதில் 'கூட்டி வந்துவிடு' மட்டும்தான் விழுந்தது.

மண்ணூருக்கு முந்நூறு ரூபாய் கேட்ட டாக்சிக்காரர் இருநூற்று எழுபதுக்கு இறங்கி வந்தார். எங்கள் மலேசியக் கணக்கில் நாற்பது வெள்ளிக்குப் பக்கம். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓடினோம்.

"மண்ணூர்ல இன்னா மேடம் வேலை?"

"என் தம்பி அங்கே மிஷனரி."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மிஷனரின்னா வெள்ளக்காரன்தான வருவான்?"

"இந்தத் தடவை கறுப்பா ஒருத்தன்தான் கிடைச்சான்" என்றேன். மனிதர் சிரித்த சிரிப்பில் வண்டி கொஞ்சம் ஆடியது.

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் ஏரி, நெல் வயல், நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு நீளமான புது மதில் சுவர். உள்ளே இன்னும் கட்டடம் இல்லை. கம்பெனி வரப்போகிறதாம். சுவருக்கு வெளியே டீக்கடை மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

சாமு குடியிருந்தது கல்நார் கூரை போட்ட ஓர் அறையில். மாத வாடகை நூற்றைம்பது. நான் போனபோது அடிபம்பில் பக்கத்து வீட்டுக் குடத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவாத பிள்ளை. ஆள் பாதியாக இளைத்திருந்தான். கோபத்தில் நான் முதலில் கேட்டது, "சோறு போடுறாங்களா இல்லையாடா உனக்கு?"

15, வெள்ளி. மாலையில் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு "மச்சான்!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தனசேகர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார்.

"அக்காவா? ஷிஃப்ட் முடிச்சு இப்பத்தான் வர்றேன், கையெல்லாம் ஆயிலு. ஒக்காருங்க, எங்க வூட்ல மீன் வாங்கியாந்து கீது."

மனைவியின் அண்ணனைத்தான் மச்சான் என்பார்கள். இவர் மனைவி செல்விக்கு என் தம்பி எப்படி அண்ணன் ஆனான்? மீன் குழம்பைப் பரிமாறியபடி செல்வியே சொன்னாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பெற்றோர் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. போன வருஷம் ஒரு சண்டையில் தனசேகர் அவளைக் கைக்குழந்தையோடு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்.

"பொறந்த வூட்ல இருந்து ஏன்னு கேக்க ஆள் இல்லன்னுதான் அந்த ஆட்டம் ஆடுனாரு. அண்ணா வந்து கதவாண்ட குந்திக்கினு, 'என் தங்கச்சியை எதுக்குடா வெளியே அனுப்புனே'ன்னு கேட்டுச்சு. கத்தல, திட்டல. அதையே கேட்டுக்கினு எழுந்திருக்காம அங்கியே குந்தினு இருந்துச்சு."

"அதோட வுட்டேங்க்கா" என்று தனசேகர் தலையைத் தட்டில் கவிழ்த்தார். "அவ்ளோ நேரம் ஒருத்தன் வாசல்ல குந்தினா எவனால தாங்க முடியும்?"

சாமு கடிதத்தில் எழுதிய சாம்பார் இந்த வீட்டுச் சாம்பார்தான் என்று அப்போது புரிந்தது. அதன் பின்னால் இருந்த கதையை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறான்.

16, சனி. டிக்கெட்டைக் காட்டிவிட்டேன். புதன்கிழமை விமானம். சாமு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூப்பர் சொன்னாரா?"

"சொன்னார். எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டா நான் என்னடா சொல்ல?"

"ஞாயித்துக்கிழமை இந்த ரூம்ல எட்டுப் பேர் சேர்ந்து ஜெபிக்கிறோம்க்கா. எல்லாரும் நான் வர்றதுக்கு முன்னாடியே கிறிஸ்தவங்க." டிக்கெட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு, "திங்கக்கிழமை முடியட்டும். செல்வி பிள்ளைக்குக் காது குத்துறாங்க. என் மடியிலதான் உட்கார வைக்கணுமாம்" என்றான்.

குடும்பம் மொட்டை போடப் போவது வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு. இவன் அங்கே எப்படிப் போவான்? அதற்கும் செல்வி வழி வைத்திருந்தாள். "கோயிலுக்குள்ள வர வேணாண்ணா. மொட்டைய நாங்க போட்டுக்கறோம். காது மட்டும் கொளத்தாண்ட மரத்தடியில குத்திக்கலாம்" என்றாளாம். தன் சாமியையும் விடாமல், அண்ணனையும் சங்கடப்படுத்தாமல் ஒரு பெண் இப்படி இடம் பார்த்து வைத்திருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் டிக்கெட்டைக் கைப்பைக்குள் பத்திரமாகத்தான் வைத்தேன்.

18, திங்கள். தனசேகர் குடும்பம் விடியலிலேயே வேனில் போய்விட்டது. நாங்கள் ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினோம். சாமு வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு வேத வசன காலண்டரும் பிளாஸ்டிக் கிலுகிலுப்பையும் வைத்திருந்தான்.

"சீர் எங்கேடா?"

"என்ன சீர்?"

"தாய்மாமன் சீர்!"

"ஒண்ணும் வேணாம்னு செல்வி சொல்லிருச்சுக்கா. 'நீ சும்மா வந்து நில்லுண்ணா, அது போதும்'னு."

எனக்குத் தலை சுற்றியது. கிள்ளான் தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் எத்தனை காதுகுத்து பார்த்திருக்கிறேன்! எந்தத் தங்கச்சியாவது அண்ணனிடம் வாய்விட்டுச் சீர் கேட்பாளா? சும்மா வா என்று அவள் சொல்ல வேண்டும், தட்டு நிறைய எடுத்துக்கொண்டு இவன் போக வேண்டும். அதுதான் முறை. காலண்டரோடு போய் நின்றால் மாமியார் வீட்டார் முன்னால் அவள் தலை கவிழ்ந்துவிடும். பிறந்த வீடு இல்லாதவள் என்பதை இவனே மேளம் கொட்டி ஊருக்குச் சொன்னதாகும். வேதாகமத்தைத் தலைகீழாகப் படித்தவனுக்கு இது தெரியவில்லை.

பெட்டியைத் திறந்து கொட்டினேன். நண்பர்களுக்கென்று கொண்டுவந்த, மலாய்ப் பூ வேலை போட்ட பாத்திக் துணி செல்விக்கு ஆயிற்று. தனசேகருக்கு மூப்பர் சாமுவுக்காகக் கொடுத்தனுப்பிய சட்டை, உறை பிரிக்காமல். பாலில் கலக்கிக் குடிக்கும் மைலோ ஒரு பெரிய டப்பா. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறும்போது குழந்தைக்குப் பாவாடை சட்டை அறுபத்தைந்து ரூபாய்க்கு, பித்தளைத் தட்டுகள், மல்லிகைப்பூ. ஒரகடம் கூட்டு ரோட்டில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு. எல்லாம் இருந்தது, முக்கியமான ஒன்றைத் தவிர. காதுக்குத் தங்கம் வேண்டுமே.

எனக்கு வேலை கிடைத்தபோது அம்மா செய்து போட்ட கம்மல் என் காதில் இருந்தது. கல் இல்லை, சின்னப் பொட்டுதான். கூட்டு ரோட்டில் நின்றபடியே திருகைக் கழற்றினேன்.

"அக்கா, அது அம்மா..."

"பேசாம தட்டைப் பிடிடா" என்றேன்.

வல்லக்கோட்டை பஸ்ஸில் ஏறியதும் நடத்துநர் தட்டுகளைப் பார்த்தார். "தாய்மாமனா சார்? எப்பா, யாருப்பா அது மின்னாடி, எழுந்து எடம் குடு. சீரு போவுது." முன் இருக்கை காலியாயிற்று. என் தம்பி ஊழியக்காரன் என்று யாரும் இதுவரை இருக்கை தந்திருக்க மாட்டார்கள்.

கோயில் தெருத் திருப்பத்தில் தவிலும் நாதஸ்வரமும் எங்களுக்காகவே காத்திருந்தன. தாய்மாமன் வராமல் காரியம் தொடங்காது. தனசேகரின் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். நாங்கள் இறங்கியதும் அவர் கண் எங்கள் முகத்துக்கு வரவில்லை, தட்டுக்குத்தான் போனது. ஒவ்வொன்றாகப் பார்த்தார். மைலோ டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கம்மலைப் பார்த்தார். பிறகு என் வெறும் காதைப் பார்த்தார்.

"மலேசியாலேர்ந்தா எடுத்தாந்தீங்க?" என்றவர், பின்னால் திரும்பி உரக்கச் சொன்னார்: "ஏய் செல்வி! ஒங்க அம்மா வூட்லேர்ந்து வந்துட்டாங்கடி!"

செல்வி ஓடி வந்தாள். என்னையும் பார்த்தாள், தட்டையும் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுமூஞ்சி என்று என்னை யாரும் சொன்னதில்லை.

குளக்கரை மரத்தடியில் மணை போட்டு சாமு உட்கார்ந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை மஞ்சுவை அவன் மடியில் வைத்தார்கள். காது குத்த வந்த பத்தர் என் கம்மலைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது மொத்தமா கீதும்மா. இப்ப மெல்லிசா கம்பி போட்டுடறேன். காது ஆறுனப்பால இத்த மாட்டிக்கலாம்." ஊசி இறங்கியதும் மஞ்சு வீறிட்டாள். தலையை ஆட்டாமல் இருக்க சாமு அவளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான், உதடு அசைந்தது. ஜெபம் செய்தான் என்று எனக்குத் தெரியும். அவன் வெள்ளைச் சட்டையில் சந்தனமும் கண்ணீரும் சளியுமாக ஒட்டியிருந்தது. என் தம்பியை நினைத்து இவ்வளவு பெருமை எனக்கு எப்போதும் வந்ததில்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

20, புதன். விமான நிலையத்துக்கு எல்லாரும் வந்தார்கள். தனசேகர் ஓ.டி.யை விட்டுவிட்டு மூப்பர் கொடுத்த சட்டையில் வந்திருந்தார். சாமு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தான், "என் டிக்கெட்?" என்றான். "அதை நான் பார்த்துக்கிறேன். நீ போய்த் தண்ணி அடி, பம்புல கூட்டம் வந்துடும்" என்றேன்.

கிள்ளானில் வீடுகளுக்குள்ளேயே குழாய் வருகிறது. யாரும் யார் குடத்துக்கும் தண்ணீர் அடிக்க வேண்டியதில்லை. வாசலில் டாக்சி நின்றதும் அம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தார். சாமு இல்லை. முகம் வாடிவிட்டது. பிறகு என் காதைப் பார்த்தார்.

"கம்மல் எங்கேடி?"

"உங்க பேத்திக்குச் சீர் வச்சுட்டேன்மா."

அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் ஆகாத சாமுவுக்கு ஏது குழந்தை! நான் பக்கத்தில் உட்கார்ந்து செல்வியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்ன 'சும்மா வா'வைச் சொல்லும்போது அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மூப்பருக்கும் இதையேதான் சொல்லப் போகிறேன் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு குடும்பம், நம் குடும்பம் என்று சொல்வேன்.

அம்மா என் வெறும் காதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "அடுத்த வருஷம் பிறந்தநாளுக்கு ஏதாவது அனுப்பணுமே. பிள்ளை பேர் என்ன சொன்னே?"